மூன்று சோடி சொக்ஸ்

ஸ்கீ பூட்ஸின் நாலாவது பக்கிளை எட்வேட் அழுத்திப் பூட்டியபோது கிளடிஸின் வாயிலிருந்து ஒரு சொல் வந்தது. முல்லைத்தீவில் கரைவலை இழுக்கிறவர்கள் கயிறு அறுந்தால் சொல்லுகிற சொல் அது. பூசைக்குப் போகிற பெண்கள் வாயில் வரக்கூடாது. பக்கத்து வாங்கில் பிள்ளைக்குப் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்த வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்து அன்பாகச் சிரித்தாள். பாவம், ஏதோ செபம் என்று நினைத்திருப்பாள்.

"கொஞ்சம் பொறு. நடக்க நடக்கச் சரியாயிடும்," என்றான் எட்வேட்.

"என்னத்தைச் சரியாகும்? விரல் எல்லாம் ஒண்டுக்கு மேல ஒண்டு ஏறிக் கிடக்குது. காலை அறுத்துப்போட்டு மாட்டினால்தான் சரியாகும்."

அவன் தன் பூட்ஸைப் பூட்டக் குனிந்துகொண்டான்.

அதைச் சப்பாத்து என்று சொல்லவே கிளடிஸுக்கு மனம் வரவில்லை. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழிருந்து பெருவிரல் வரை கட்டிப் பிளாஸ்ரிக். கணுக்கால் மடங்காது. நிமிர்ந்து நின்றால் விரல்கள் முன்சுவரில் போய் முட்டின, நடந்தால் கெண்டைக்கால் சதையை யாரோ குறடு போட்டுப் பிடித்தார்கள். காசு கொடுத்து இந்த வதையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு சிரித்த முகத்தோடு வெளியே போகிற சனங்களைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

உண்மையைச் சொன்னால் குற்றம் முழுவதும் பூட்ஸில் இல்லை. உள்ளே அவள் மூன்று சோடி சொக்ஸ் போட்டிருந்தாள். வாடகைக்குக் கொடுக்கிறவன் ஒன்று போதும், அதுவும் மெல்லியதாக, என்று விரலைக் காட்டிச் சொன்னான்தான். கிளடிஸ் கேட்டால்தானே. கனடாவுக்கு வந்த முதல் குளிரில் பார்க்டேலில் தெருத் தண்டவாளத்தில் ஓடுகிற ஸ்ரீற்காருக்குக் காத்து நின்று சின்னவிரல் நகத்தைப் பறிகொடுத்தவள் அவள். அதற்குப் பிறகு அவளுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. குளிர் என்றால் இரண்டு சோடி, கடுங்குளிர் என்றால் மூன்று. போன மாதம் டவுன்டவுனில் ஊரில் நடக்கிற போரை நிறுத்தச் சொல்லி ஆயிரக்கணக்கான சனம் கைகோத்து நின்றபோதும் மூன்று சோடியோடுதான் போய் நின்றாள். அன்று கால் நோகவில்லை. நொந்திருந்தாலும் கவனித்திருக்கமாட்டாள். கோப்பியோடு கடந்துபோன ஒருத்தன் இது என்ன, ஏதாவது பெருநாளா என்று கேட்டது மட்டும்தான் இன்றைக்கும் நோகிறது.

அங்கே போர் முடிகிற கட்டத்துக்கு வந்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். எப்படி முடியும் என்று சொல்லத்தான் யாருக்கும் வாய் வரவில்லை. கிளடிஸின் தம்பி சீமோன் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வன்னிக்குள் மாட்டுப்பட்டிருந்தான். இடம் மாறி இடம் மாறி, கடைசியில் கடலை ஒட்டின ஒரு துண்டு நிலத்துக்கு வந்திருந்தார்கள். தை மாதம் யாருடையதோ ஒரு போனில் ஒரு நிமிசம் கதைத்தான். "அக்கா, திரும்ப எடுப்பன். போனுக்குக் கிட்டவே இரு," என்றான். அன்றிலிருந்து கிளடிஸ் போனுக்குக் கிட்டவேதான் இருந்தாள். வேலைக்கு லீவு சொன்னாள். குளிக்கும்போதும் பாத்றூம் கதவைத் திறந்தே வைத்தாள். மணி அடித்தால் ஈரக் கையோடு ஓடுவாள், கம்பளம் கழுவித் தருகிறோம் என்று எவனாவது சொல்லுவான், அவனுக்கு அன்றைய ஏச்சு முழுவதும் போய்ச் சேரும்.

அப்படிப்பட்டவளைத்தான் எட்வேட் இங்கே கொண்டுவந்து பூட்ஸுக்குள் பூட்டியிருந்தான். மாசி நடுவில் குடும்ப தினம் என்று ஒன்ராறியோவில் லீவு விடத் தொடங்கி இது இரண்டாவது வருசம். ஞாயிறு பின்னேரம் செற்றியில் இருந்தபடி, "நாளைக்கு லீவுதானே. ஷெறினைக் கூட்டிக்கொண்டு ஸ்கீயிங் போவம்," என்றான். பாண் வாங்க வெளிக்கிடுவதற்கே இரண்டு தரம் சொல்லவேண்டிய மனுசன். கிளடிஸுக்கு முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"அங்க சனம் பங்கருக்குள்ள கிடந்து சாகுது. எங்களுக்கு இஞ்ச சறுக்கி விளையாட்டோ?"

"பிள்ளை ரெண்டு வருசமாக் கேக்குது."

பிள்ளைக்குப் பதின்மூன்று வயது. கேட்டது உண்மைதான், கேட்டுக் கேட்டு அலுத்து விட்டுவிட்டதும் உண்மைதான். அறை வாசலில் நின்ற ஷெறின், "இட்ஸ் ஓக்கே அப்பா, அம்மா வரமாட்டா," என்று சொன்ன விதம் கிளடிஸைக் குத்தியது. வீட்டில் ஒரு மாதமாகச் சிரிப்பில்லை, பாட்டில்லை, ரீவியில் செய்தியைத் தவிர வேறொன்றுமில்லை. அந்த நேரம் பார்த்து, அதே மாடியில் இருக்கிற யோகராணி சீனி கேட்டு வந்தவள்போல வந்து, "போட்டு வா கிளடிஸ். நான் உன்ர வீட்டில வந்திருந்து போனைப் பாக்கிறன். ஒருக்கா அடிச்சாலும் விடமாட்டன்," என்றாள். டோர்செட் பார்க் கட்டிடத்தில் யோகராணியைவிட நம்பிக்கையான ஆள் கிளடிஸுக்கு இல்லை. அந்த ஒரு வாக்குக்காகத்தான் வெளிக்கிட்டாள்.

வெளியே வெய்யில் கண்ணைக் கூசச் செய்தது. மலை என்று சொன்னார்கள், முல்லைத்தீவுக்காரிக்கு எல்லாமே மலைதான். பழகுகிறவர்களுக்கென்று ஓரமாக ஒரு சரிவு, அதில் ஏற ஒரு ஓடுகிற றப்பர்ப் பாய். ஷெறின் அரை மணித்தியாலத்தில் விழுந்தெழும்பிப் பழகி, தனியே ஏறி இறங்கத் தொடங்கிவிட்டாள். "அம்மா, பெண்ட் பண்ணவேணும்! முழங்காலை மடிங்கோ!" என்று கத்திக்கொண்டு போனாள். கிளடிஸ் மடித்தாள். கீழ்க்காலின் முன்னெலும்பில் பூட்ஸின் விளிம்பு வெட்டியது. நிமிர்ந்தாள், விரல் செத்தது. உள்ளங்கால் நடுவில் ஒரு நரம்பு சுண்டி இழுத்தது. பக்கவாட்டில் நண்டு மாதிரிப் பத்தடி ஏறுவதற்குள் உடம்பு முழுவதும் வேர்த்துக் கொட்டியது, கால் மட்டும் விறைத்தது.

இதை யாரிடம் சொல்வது? அதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல். கால் நோகிறது என்று நினைக்கும்போதே அங்கே காலில்லாமல் கிடக்கிறவர்களின் படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இணையத்தில் பார்த்தது, பார்க்காதே என்று எட்வேட் சொல்லியும் பார்த்தது. சப்பாத்து கடிக்குது என்று சிணுங்க உனக்கு வெட்கமில்லையா என்று அவளே அவளைக் கேட்டாள். நோவு அதற்காகக் குறையவில்லை. நோகவும் நோகிறது, நோகிறது என்று சொல்லவும் உரிமை இல்லை என்றால் மனுசிக்கு விசர்தானே பிடிக்கும்? அந்த விசர் எல்லாம் எட்வேட் தலையில் விழுந்தது.

"உங்களுக்கு அறிவிருக்கோ? பாலர் வகுப்புப் பிள்ளையள் மாதிரி இந்த வயதில சறுக்க வந்திருக்கிறம். ஊர்ச் சனம் கண்டால் காறித் துப்பும்."

"ம்."

"என்ன ம்? வாய்க்குள்ள கொழுக்கட்டையோ?"

"இல்லை. நீ சொல்லு."

பதினாறு வருசக் கலியாணத்தில் அவள் ஒன்று சொன்னால் அவன் இரண்டு சொல்லுவான். கறியில் உப்பு என்றாலும் சண்டை, கோயிலில் எந்த வாங்கில் இருப்பது என்றாலும் சண்டை. அதுதான் அவர்களுடைய சீவியம், அதில் அவளுக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. இன்று அவன் ஏச்சைச் செபமாலை மாதிரி வாங்கிக்கொண்டு நின்றான். காலையில் வெளிக்கிடும்போது அவளுடைய சால்வையை எடுத்து நீட்டினான். வழியில் கோப்பி வாங்கினான், அவளுக்குப் பிடித்த மாதிரிச் சீனி போட்டு. இங்கே விலைப்பலகையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று அப்போதே அவளுக்குப் பட்டிருக்கவேண்டும், கால் நோவில் அது படவில்லை.

"போனைத் தாங்கோ. யோகராணிக்கு எடுத்துப் பாப்பம்."

"இஞ்ச சிக்னல் இல்லை."

இரண்டு யார் தள்ளி ஒருத்தன் போனைக் காதில் வைத்துப் பெரிதாகச் சிரித்துக் கதைத்துக்கொண்டு நின்றான். கிளடிஸ் அவனைப் பார்த்தாள், பிறகு எட்வேட்டைப் பார்த்தாள். "எங்கட கொம்பனி வேற," என்று முணுமுணுத்துவிட்டு அவன் கைத்தடிகளைச் சரிபார்க்கத் தொடங்கினான்.

அதற்குப் பிறகுதான் அவள் விழுந்தாள். பாயின் மேல்முனையில் கால் வைக்கத் தெரியாமல் வைத்து, ஸ்கீ இரண்டும் குறுக்கே மாறி, குந்தினபடியே சரிவில் போகத் தொடங்கினாள். நிறுத்தத் தெரியவில்லை. கீழே நின்ற ஷெறின் அம்மா அம்மா என்று கையை விரித்துக்கொண்டு வந்தாள், தாயைப் பிடிக்கப் போய்த் தானும் விழுந்தாள். இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். ஷெறினின் மூக்கு நுனியில் பனி. "அம்மா, யூ வேர் ஸோ ஃபாஸ்ற்!" என்று சொல்லிப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்க, கிளடிஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு மாதம் அடைத்துக் கிடந்தது ஒன்றாய் உடைத்துக்கொண்டு வந்த சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, மல்லாந்து கிடந்து சிரித்தாள்.

சிரித்து முடித்து நிமிர்ந்தபோது எட்வேட்டின் முகத்தைக் கண்டாள். அவன் சிரிக்கவில்லை. வேறெங்கோ பார்த்துக்கொண்டு, கையுறையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். குளிருக்குக் கண்ணில் நீர் வரும்தான். ஆனாலும் கிளடிஸின் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று இடம் மாறியது.

"எனக்குக் கால் ஏலாது. உள்ள போவம்," என்றாள்.

ஷெறினைச் சரிவில் விட்டுவிட்டு இருவரும் கட்டிடத்துக்குள் வந்தார்கள். உள்ளே உருளைக்கிழங்கு பொரிக்கிற மணமும் ஈரக் கம்பளி மணமும். ஒரு மூலை வாங்கில் அவள் தொப்பென்று இருந்தாள். குனிந்து பக்கிளைப் பிடித்தாள், விறைத்த கைக்கு அது அசையவில்லை. அப்போது எட்வேட் அவளுக்கு முன்னால் தரையில் மண்டியிட்டான்.

ஈரத் தரை. அத்தனை சனத்துக்கு நடுவில். பூசையில் குருவானவர் முழந்தாளிடச் சொன்னாலே முழங்கால் நோகிறது என்று வாங்கில் சாய்ந்து சமாளிக்கிற மனுசன். ஒவ்வொரு பக்கிளாக மெதுவாக எடுத்தான். பூட்ஸை அசைத்து அசைத்துக் கழற்றினான். முதல் சொக்ஸ், அதன்கீழ் இரண்டாவது, அதன்கீழ் மூன்றாவது. சொக்ஸின் மடிப்பெல்லாம் சதையில் கோடு கோடாகப் பதிந்திருந்தது. விரல்கள் வெளிறி, சின்னவிரல் நீலம் பாய்ந்து, கீழ்க்காலில் ஒரு சிவந்த வளையம். மற்றக் காலும் அப்படித்தான். அவன் அவளுடைய இரண்டு பாதங்களையும் தன் மடியில் எடுத்து வைத்து, ஜக்கெற்றைத் திறந்து நெஞ்சோடு அணைத்து, கையால் தேய்க்கத் தொடங்கினான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் அவளுடைய காலைத் தொட்டதில்லை. பிள்ளை வயிற்றில் இருக்கையில் கால் வீங்கினபோதும் தைலப் போத்தலைத்தான் எடுத்துக் கொடுத்தான்.

அவனுடைய கை நிற்காமல் தேய்த்தது. கிளடிஸ் அந்தக் கையைப் பார்த்தபடி இருந்தாள்.

போன வருசம் யோகராணியின் தகப்பன் யாழ்ப்பாணத்தில் தவறினபோது செய்தி முதலில் வந்தது கிளடிஸுக்குத்தான். அவளுடைய தமையன் வேலையால் வந்து சேரும்வரை யோகராணிக்குச் சொல்லக்கூடாது என்று எல்லோரும் முடிவெடுத்தார்கள். ஒரு சாவைச் சொல்லுவதற்கு முன்னால் தாங்கிப் பிடிக்க உரித்துக்காரர் பக்கத்தில் நிற்கவேண்டும், வீட்டில் வாங்கு கதிரை ஒதுக்கவேண்டும், அதுவரை ஆளை எங்கேயாவது கொண்டுபோய் வைத்திருக்கவேண்டும். அப்படித்தான் செய்வார்கள். அன்று யோகராணியைக் கூட்டிக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினவள் கிளடிஸ். அவளுக்கு ஐஸ்கிறீம்கூட வாங்கிக் கொடுத்தாள்.

"ஆர்?" என்றாள் கிளடிஸ்.

"என்ன ஆர்?"

"ஆர் செத்தது?"

எட்வேட் நிமிரவில்லை. தேய்க்கிற கை மட்டும் நின்றது.

"எட்வேட். சீமோனோ?"

"ஓம்," என்றான், அவள் பாதத்தைப் பார்த்து.

சுற்றிலும் பிள்ளைகள் கத்தினார்கள். யாரோ ஒரு தட்டத்தை விழுத்தினார்கள். அவன் வாயிலிருந்து சொற்கள் துண்டு துண்டாக வந்தன. காயக்காரரை ஏற்றின கப்பலில் திருகோணமலைக்கு வந்த ஒருவர் எட்வேட்டின் கைப்போனுக்கு எடுத்தாராம். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் செல் விழுந்து வெடித்ததாம். அந்த இடத்திலேயே குழி வெட்டித் தாட்டார்களாம். மனிசியும் பிள்ளைகளும் இருக்கிறார்களாம்.

"எப்ப போன் வந்தது?"

"சனிக்கிழமை. பாதரைக் கொண்டு விசாரிச்சனான். நேற்றுப் பூசை முடியத்தான் உறுதியாச் சொன்னவர்."

"சனிக்கிழமை," என்றாள் கிளடிஸ். சனிக்கிழமை இரவு போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். நேற்று சீமோனுக்காக மெழுகுதிரி கொளுத்தினாள். எட்வேட் பக்கத்தில் நின்றான்.

"மொன்றியலில இருந்து என்ர அக்கா றெஜினா பஸ்ல வாறா. நாலு மணிக்கு வந்திடுவா. அவ வந்தாப் பிறகு சொல்லுவமெண்டு... ஒரு பொம்பிளை பக்கத்தில இல்லாமல் நான் எப்பிடிச் சொல்லுறது? வீட்டில இருந்தால் ஒவ்வொருத்தரா வருவினம், ஆராவது வாய் தவறிச் சொல்லிப்போடுவினம்..."

அவனுடைய அக்காவுக்குத் தெரியும். பாதருக்குத் தெரியும். யோகராணி போனுக்குக் காவல் இருக்கவில்லை. இந்த நேரம் அவள் செற்றியைச் சுவரோடு தள்ளிவிட்டு, பெரிய கேத்திலில் தேத்தண்ணி வைத்துக்கொண்டிருப்பாள். மாடி முழுவதற்கும் தெரியும். சீமோனோடு ஒரு வயிற்றில் பிறந்த கிளடிஸ் ஒருத்தி மட்டும் பனியில் மல்லாந்து கிடந்தாள்.

"நான் சிரிச்சனான்," என்றாள்.

"கிளடிஸ்..."

"என்ர தம்பியை மண்ணில போட்டாச்சு. நான் அங்க கிடந்து பல்லைக் காட்டிச் சிரிச்சனான். நீ பாத்துக்கொண்டு நிண்டனி. என்னைச் சிரிக்கவிட்டுப் பாத்துக்கொண்டு நிண்டனி!"

அவனை நீ என்று அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. ஒரு பூட்ஸைத் தூக்கி அவன் நெஞ்சில் எறிந்தாள். பாரமான பூட்ஸ், தொம் என்று கேட்டது. அவன் தடுக்கவில்லை. மற்றதையும் எறிந்தாள். பக்கத்து மேசைகள் அமைதியாகின. கிளடிஸ் எழும்பி வெறுங்காலோடு நடந்தாள், கதவைத் தள்ளினாள், பனிக்குள் இறங்கினாள். போக இடம் இருக்கவில்லை. பத்தடி போய், ஸ்கீக்கள் சாத்திவைத்திருந்த வேலியோரம் பனியில் குந்தினாள். அழுகை வரவில்லை. அழுதால் ஷெறின் காண்பாள், ஏன் என்று கேட்பாள். பிள்ளைக்கு என்ன சொல்வது, எந்த வாயால் சொல்வது? சற்று முன்னர் சிரித்த இந்த வாயாலா?

சிவப்பு ஜக்கெற் போட்ட ஒருத்தி வேகமாக வந்தாள். நரைத்த தலை, முதுகில் வெள்ளைச் சிலுவை. காயப்பட்டவர்களைப் பார்க்கிறவள். வெறுங்காலைக் கண்டதும் ஐயோ என்கிற மாதிரி ஏதோ சொல்லிக்கொண்டு பனியில் முழந்தாளிட்டாள். போர்வையை விரித்து, கையுறைகளைக் கழற்றி, கிளடிஸின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்தாள்.

"பூட்ஸ் இறுக்கமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "எங்கே நோகுது என்று காட்டுங்கள்."

கிளடிஸ் அவளைப் பார்த்தாள். வந்தவள் பெருவிரலை மெல்ல அழுத்தினாள். இங்கேயா?

"ஓம்," என்றாள் கிளடிஸ், தமிழில். அந்த ஓமோடு கண்ணில் நீர் இறங்கியது.

உள்ளங்காலை அழுத்தினாள். இங்கே?

"ஓம்."

சரிவிலிருந்து ஷெறின் பூட்ஸோடு தடக்குத் தடக்கென்று ஓடிவந்தாள். "அம்மா! வட் ஹப்பண்ட்? ஏன் அழுறீங்கள்?"

"கால், பிள்ளை. கால் நோகுது," என்றாள் கிளடிஸ். சொன்னதும் அவளுடைய குரல் உடைந்து, கடற்கரையில் பெண்கள் மார்பில் அடித்து அழுகிற அந்த ஓலம் வாயைத் திறந்துகொண்டு வெளியே வந்தது. ஷெறின் பயந்துபோய்த் தாயின் தோளைக் கட்டிப்பிடித்தாள். பாய்க்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், முதல்தரம் போல, என்று யாரோ இரக்கமாகச் சொன்னார்கள். வாசலில் எட்வேட் இரண்டு கையிலும் ஒவ்வொரு பூட்ஸோடு நின்றான், கிட்டே வரவில்லை.

சிவப்பு ஜக்கெற்காரி அவசரப்படவில்லை. கணுக்காலைத் தொட்டாள், கீழ்க்காலில் சிவந்த வளையத்தைத் தொட்டாள், ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, இங்கேயா, இங்கேயா என்று கேட்டாள். கிளடிஸ் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி அழுதாள். அந்தச் சூடான கை இன்னும் மேலே போய் முழங்காலில் நின்றது.

"இங்கேயுமா?"

"அங்கேயும்தான்," என்றாள் கிளடிஸ்.